350 என்று காட்டிய முள்: பிர்கன் எயர் 301, ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலைப் பாலையூற்றில் நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கும் கொட்டகைக்கு மேலால் சீனன்குடாப் பயிற்சி விமானங்கள் அடிக்கடி போகும். அந்த இரைச்சலில் பாடம் அரை நிமிடம் நிற்கும். அப்படி நின்ற ஒரு நாள் பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்: “சேர், மோட்டார் சைக்கிளுக்குச் சில்லு சுத்துறதை வச்சு ஸ்பீட் தெரியும். பிளேனுக்கு மேல என்னத்தை வச்சுத் தெரியும்?”

“ஜிபிஎஸ்தானே” என்றாள் முன்வாங்குப் பிள்ளை ஒருத்தி.

ஜிபிஎஸ் சொல்வது நிலத்துக்கு மேலான வேகத்தை. இறக்கைக்கு நிலத்தோடு ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. தன்னைத் தடவிக்கொண்டு போகும் காற்று எவ்வளவு விரைவாகப் போகிறது என்பதுதான் அதற்குக் கணக்கு. இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள், ஆனால் நம்பமாட்டார்கள். ஆகவே செய்து பார்த்தோம். அந்த வேலை இழுத்துக்கொண்டு போய் 1996இல் நடந்த ஒரு விபத்தில் நின்றது. இந்த ஆய்வு அந்த விபத்தைப் பற்றியது. ஆனால் மோட்டார் சைக்கிளைச் சொல்லாமல் அதை விளக்க எனக்குத் தெரியவில்லை.

பேனைக் கூடும் கச்சானும்

சேலைன் குழாய் ஒன்றை ‘ப’ வடிவில் வளைத்து, ஒரு பலகையில் அடிமட்டத்தோடு சேர்த்துக் கட்டினோம். துணிக்குப் போடும் நீலம் கலந்த தண்ணீரைப் பாதியளவு விட்டோம். குழாயின் ஒரு முனையில் திறந்த வாயுள்ள பேனைக் கூடு. அதன் வாய் நேரே முன்னுக்குப் பார்க்கும். மற்ற முனையில் இன்னொரு பேனைக் கூடு. அதன் வாயை மெழுகால் அடைத்து, பக்கவாட்டில் ஊசியைச் சூடாக்கி நாலைந்து துளை போட்டோம். முதலாவதில் காற்று வந்து முட்டி நிற்கும். இரண்டாவதைத் தடவிக்கொண்டு போகும், முட்டாது. முட்டும் பக்கத்தில் மொத்த அமுக்கம், தடவும் பக்கத்தில் நிலை அமுக்கம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. பாடப் புத்தகத்து பேணூலி சமன்பாடுதான். 1732இல் ஹென்றி பித்தோ என்ற பிரெஞ்சு எந்திரி சேன் ஆற்றின் ஓட்டத்தை அளக்க வளைத்த கண்ணாடிக் குழாயைத்தான் இன்றைக்கும் விமானத்தின் மூக்கோரம் பார்க்கிறோம், உலோகத்தில், உள்ளே சூடேற்றியோடு.

ஆடி மாதம், கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடித்துக் கிழிக்கும் காலம். சீனன்குடாவைத் தாண்டிக் கண்டி வீதியில் தம்பலகாமம் பக்கம் போனால் வீதி தென்மேற்கே போகும், காற்று நேரே முகத்தில் அறையும். ஒருவன் ஓட்ட, மற்றவன் பின்னால் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தான். மோட்டார் சைக்கிளின் முள் 50இல். தண்ணீர் ஆடிக்கொண்டே இருந்தது. குழாயை விரலால் கொஞ்சம் நசுக்கிப் பிடித்தபோதுதான் ஆட்டம் அடங்கியது. போகும்போது இரண்டு பக்க மட்டத்துக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 22 மில்லிமீற்றர். அதே 50இல் திரும்பி வரும்போது 4, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டால் போகும்போது காற்று மணிக்கு 70 கிலோமீற்றரில் முட்டியிருக்கிறது, வரும்போது 30இல். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 50, சில்லுச் சொன்ன வேகம். கழித்துப் பாதியாக்கினால் 20, கச்சானின் வேகம். அதற்குப் பிறகு யாரும் ஜிபிஎஸ் என்று வாய் திறக்கவில்லை. (சீனன்குடா ஓடுபாதையும் வடகிழக்கு, தென்மேற்காகத்தான் கிடக்கிறது. கச்சானுக்கு ஒரு பக்கம், வாடைக்கு மறு பக்கம். போட்டவன் காற்றைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறான்.)

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எங்கள் பலகை வேகத்தை அளக்கவேயில்லை. தண்ணீர் மட்ட வித்தியாசத்தைக் காட்டியது. வேகம் என்று நாங்கள்தான் அதற்குப் பெயர் வைத்தோம். விமானத்திலும் அதே கதைதான். உள்ளே தண்ணீருக்குப் பதிலாக மெல்லிய உலோகப் பை அல்லது மின் உணரி, அவ்வளவே வித்தியாசம். உயரத்தில் காற்று மெலிந்துவிடுவதால் அந்த முள் காட்டும் ‘குறிகாட்டு வேகம்’ உண்மை வேகத்திலும் மிகக் குறைவாக இருக்கும். 35,000 அடியில் முள் 270 நொட்டில் நிற்கும்போது விமானம் காற்றுக்குள் 460 நொட் அளவில் போய்க்கொண்டிருக்கும். ஒரு நொட் என்பது மணிக்கு 1.852 கிலோமீற்றர், நம்முடைய மீன்பிடிக்காரருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. இது பிழை இல்லை, விமானிக்கு அந்த 270தான் வேண்டும். இறக்கையைத் தூக்குவதும் அதே அமுக்கம்தான்.

சரி, அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். பலகையைக் கொட்டகை யன்னலில் சாத்திவிட்டுப் பரீட்சை வேலையில் மறந்துபோனோம். மூன்று கிழமை கழித்து எடுத்துக்கொண்டு ஓடினால் தண்ணீர் அசையவே இல்லை. 40, 50, 60, ஊகூம். இறங்கிப் பார்த்தால் முன்னுக்குப் பார்க்கும் பேனைக் கூட்டின் வாய் சேற்றால் வழுவழுவென்று பூசி அடைத்திருந்தது. மண்குளவி. வீட்டில் கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று பெரியவர்கள் உடைக்க விடாத அதே குளவி.

1996 பெப்ரவரி 6, புவேர்ட்டோ பிளாட்டா

டொமினிக்கன் குடியரசின் வடகரையில் உள்ள புவேர்ட்டோ பிளாட்டாவிலிருந்து ஜேர்மனிக்குத் திரும்ப உல்லாசப் பயணிகள் காத்திருந்தார்கள். போக வேண்டிய போயிங் 767இல் கோளாறு. அதற்குப் பதிலாக அங்கே கிழமைக் கணக்கில் நின்றுகொண்டிருந்த ஒரு போயிங் 757 கொடுக்கப்பட்டது. துருக்கி நிறுவனமான பிர்கன் எயரின் விமானம். பயணிகள் 176, பணியாளர் 13. தலைமை விமானிக்கு 61 வயது, 24,000 மணித்தியாலத்துக்கு மேல் பறந்தவர். நின்ற காலத்தில் பித்தோ குழாய்களுக்கு மூடி போட்டிருக்கவில்லை.

இரவு 11.42க்கு ஓடுபாதையில் ஓட்டம் தொடங்குகிறது. 757இல் வேகமானிகள் மூன்று: தலைமை விமானிக்கு ஒன்று, துணை விமானிக்கு ஒன்று, நடுவே மாற்று ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழாய். 80 நொட் வந்ததும் ஒருவர் சத்தமாகச் சொல்ல, மற்றவர் தன் முள்ளும் அதையே காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். துணை விமானி சொன்னார். தலைமை விமானி பார்த்தார், அவருடைய முள் எழும்பவில்லை. தன்னுடையது வேலை செய்யவில்லை என்று அவரே சொல்கிறார். 80 நொட் என்றால் மணிக்கு 148 கிலோமீற்றர். நிறுத்தப் போதிய ஓடுபாதை இன்னும் முன்னால் கிடக்கிறது. என்னைக் கேட்டால் இந்த விபத்தின் பெரும்பகுதி இந்த இரண்டு மூன்று செக்கனுக்குள் முடிந்துவிட்டது. துணை விமானியின் முள்ளை நம்பி அவர் தொடர்ந்தார்.

எழும்பிச் சற்று உயர்ந்ததும் தலைமை விமானியின் முள் அசையத் தொடங்குகிறது. செத்துக் கிடந்த கருவி உயிர்பெற்றுவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஓட்டோபைலட் போடப்படுகிறது. போட்டது நடு ஓட்டோபைலட்; அது வேகத்தை எடுப்பது தலைமை விமானியின் பக்கக் கணினியிலிருந்து.

உயர உயர முள்ளும் ஏறுகிறது. 250, 300. சுக்கான் விகிதம் பற்றியும் மாக் வேகச் சீரமைப்பு பற்றியும் இரண்டு அறிவிப்புகள் திரையில் வருகின்றன. இரண்டுமே இரு பக்க வேகங்களும் ஒத்துப்போகாதபோது வரக்கூடியவை. ஆனால் ‘வேகங்கள் ஒத்துப்போகவில்லை’ என்று நேராகச் சொல்லும் அறிவிப்பு அன்றைய விமானத்தில் இல்லை. அறிவிப்பின் சொற்களில் வேகமானி என்ற பேச்சே கிடையாது. காய்ச்சலுக்குக் கால் வலி என்று சொல்லி அனுப்பியது மாதிரி.

350 நொட்டை எட்டும்போது மிகைவேக எச்சரிக்கை அலறத் தொடங்கியது. அதே நேரம் துணை விமானியின் முள் 200ஐக் காட்டி இன்னும் இறங்குகிறது. ஓட்டோபைலட் தன் எசமானின் சொல்லை நம்பியது: வேகம் கூடிவிட்டது, மூக்கைத் தூக்கு, எஞ்சினைக் குறை. உண்மையில் விமானம் ஏற்கனவே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு முள்ளும் பிழை என்று விமானிகள் முடிவுகட்டினார்கள். அலறும் எச்சரிக்கையை நிறுத்த மின் இணைப்பை இழுத்துவிட்டார்கள். அடுத்து வந்தது கைப்பிடியின் அதிர்வு: இறக்கை தூக்குவிசையை இழக்கப் போகிறது என்பதற்கான எச்சரிக்கை. ஒரே நிமிடத்துக்குள் ‘மிகை வேகம்’ என்றும் ‘வேகம் போதாது’ என்றும் ஒரே விமானம் சொல்கிறது.

7,132 அடிதான் அது எட்டிய உச்சம். அங்கிருந்து இறக்கை கைவிட, சுழன்றுகொண்டே அத்திலாந்திக் கடலில் விழுந்தது. எழும்பி ஐந்து நிமிடம். 189 பேரில் ஒருவரும் தப்பவில்லை. பறப்புப் பதிவுக் கருவிகள் 2,000 மீற்றருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து எடுக்கப்பட்டன. குழாய்கள் கிடைக்கவில்லை. அடைப்பு பெரும்பாலும் ஒரு சிறு பூச்சி கொண்டுவந்த மண் அல்லது குப்பை என்று விசாரணையாளர்கள் முடிவுசெய்தார்கள். அந்தப் பகுதியில் நன்கு தெரிந்த மண்குளவியின் மேல்தான் சந்தேகம்.

அந்த 350 எங்கிருந்து வந்தது

முள் அசையாமல் கிடந்தது எல்லாருக்கும் விளங்கியது, எங்கள் பலகையில் கண்டதுதான். அடைபட்ட குழாய்க்குள் நிலத்தின் அமுக்கமே சிறைப்பட்டுக் கிடக்கிறது, பக்கத் துளையிலும் அதே அமுக்கம், வித்தியாசம் பூச்சியம். ஆனால் அடைபட்ட முள் எப்படி ஏறும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

குழாய்க்குள் சிறைப்பட்ட காற்று மாறவில்லை. மாறியது மறுபக்கம். உயரம் போகப் போக வெளியே நிலை அமுக்கம் இறங்குகிறது. வித்தியாசம் கூடுகிறது. கருவிக்குத் தெரிந்ததெல்லாம் வித்தியாசம் மட்டுந்தான், அது ஏன் கூடியது என்று கேட்க அதற்கு வாயில்லை. கடல் மட்டத்தில் அமுக்கம் 1013 ஹெக்டோபஸ்கால், 2,000 மீற்றரில் 795. வித்தியாசம் 218. எங்கள் பாடப் புத்தகச் சூத்திரத்தில் போட்டால் செக்கனுக்கு 189 மீற்றர், அதாவது 367 நொட். அந்த வேகத்தில் காற்று நசுங்குவதையும் கணக்கில் எடுத்துத் திருத்தினால் 354. விமானம் அந்த உயரத்தைச் சுற்றித்தான் இருந்தது. முள் காட்டியது 350. பிள்ளைகள் கரும்பலகையில் இந்த எண் வந்து நின்றதும் ஒரு நிமிடம் பேசவில்லை.

வேகமானி என்ற பெயரில் அங்கே இருந்தது ஓர் உயரமானி.

இதையும் செய்து பார்க்காமல் விடவில்லை. சிறைப்பட்ட காற்று கொஞ்சமாக இருந்தால் தண்ணீர் நகரும்போதே அது விரிந்து அளவைக் கெடுத்துவிடும். வெயில் பட்டாலும் கெடும். ஆகவே ஒரு லீற்றர் சுடுதண்ணீர்ப் பிளாஸ்க்கின் வாயில் தக்கை அடித்து, அதன் வழியாகக் குழாயைப் பலகையின் ‘முட்டும்’ பக்கத்தில் இணைத்தோம். விடியற்காலை, வெயில் ஏற முன்னர், கடற்கரையில் இரண்டு மட்டத்தையும் சமப்படுத்தி மூடிக்கொண்டு கோட்டை வாசலால் நடந்து கோணேசர் கோவில் மலைக்கு ஏறினோம். கோட்டைக்குள் நிற்கும் மான்களில் ஒன்று நாங்கள் கணக்கு எழுதிய தாளை மணந்து பார்த்துவிட்டு விட்டுப் போனது. ஏறத்தாழ 60 மீற்றர் ஏறியிருப்போம். பிளாஸ்க்கை ஒரு படியில் வைத்துவிட்டு அடிமட்டத்தைப் பார்த்தோம்: 65 மில்லிமீற்றர் வித்தியாசம்.

கணக்குப்படி மணிக்கு 120 கிலோமீற்றர். கோவில் படியில், அசையாமல் நின்றுகொண்டு.

இந்த இடத்தில்தான் அந்த விமானிகளைப் பற்றிச் சும்மா கதைப்பது கஷ்டமாகிறது. எங்கள் கருவி பொய் சொல்வதாக ஒரு அடையாளமும் இல்லை. மட்டம் நடுங்கவில்லை, குழாய் உடையவில்லை, ‘தெரியாது’ என்று சொல்லவில்லை. வீதியில் போகும்போது காட்டியதை விட நிதானமாக, மிக அழகாக ஏறியது. நாங்கள் நிற்கிறோம் என்று காலுக்குத் தெரிந்ததால்தான் தப்பினோம். இருட்டில், கடலுக்கு மேல், ஆசனத்தில் கட்டுண்டு இருப்பவருக்கு அந்தக் கால் இல்லை.

ஆனாலும் அவர்கள் கையில் வழி இல்லாமலில்லை. மூன்றில் இரண்டு முள் ஒத்துப்போகின்றனவா என்று மாற்று முள்ளோடு சேர்த்துப் பார்த்திருக்கலாம். 757இன் திரையில் நிலைமக் கருவியிலிருந்து (காற்றை நம்பாமல் விமானத்தின் அசைவைக் கொண்டே கணிப்பது) வரும் தரை வேகமும் தெரியும். 350இல் காற்றுக்குள் போகும் விமானம் அதில் பாதி வேகத்தில் நிலத்தைக் கடப்பதென்றால் பெரும் புயல் எதிரே அடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது, எஞ்சின் எவ்வளவு தள்ளுகிறது என்ற இரண்டும் தெரிந்தால் வேகம் தானாக ஒரு வரம்புக்குள் வந்துவிடும். எயர்பஸ் விமானிகள் இன்றைக்கு மனப்பாடமாக வைத்திருப்பது இதைத்தான்: எழும்பும் கட்டத்தில் 15 பாகை, முழு வலு, அதற்கு மேல் 10,000 அடி வரை 10 பாகை, ஏறும் வலு, அதற்கும் மேல் 5 பாகை. முள்ளைப் பார்க்காமலே பறக்கலாம். விசாரணை அறிக்கை பிரதான காரணமாகச் சொன்னதும் குழாயை அல்ல. கைப்பிடி அதிர்ந்தபோது அது எதைச் சொல்கிறது என்று விமானிகள் உணரவில்லை, மீட்கவும் முயலவில்லை என்பதைத்தான். என் கருத்து கொஞ்சம் வேறு. அதற்குச் சற்று முன்னர்தான் ‘மிகை வேகம்’ என்று அதே விமானம் அலறியது. இரண்டு எச்சரிக்கையில் எது பொய் என்று பகுத்துப் பார்க்கும் பயிற்சி அப்போது வழக்கமாகக் கொடுக்கப்படவில்லை. விபத்துக்குப் பிறகுதான் அடைபட்ட பித்தோ குழாயைப் பாவனைக் கருவியில் பயிற்றுவிக்க வேண்டும், வேகங்கள் ஒத்துப்போகாவிட்டால் நேராகச் சொல்ல வேண்டும் என்ற பரிந்துரைகள் வந்தன.

மற்ற அடைப்புகள்

அதே ஆண்டு ஒக்டோபர் 2இல் லீமாவிலிருந்து புறப்பட்ட ஏரோபெரு 603, அதுவும் 757. இங்கே அடைபட்டது மறுபக்கம்: கழுவும்போது பக்கத் துளைகளில் ஒட்டிய நாடாவை எடுக்க மறந்துபோனார்கள். உயரமும் பிழை, வேகமும் பிழை. 70 பேர். 2009 ஜூன் 1இல் எயர் பிரான்ஸ் 447இல் அடைத்தது பனிப் பளிங்கு. சூடேற்றியையும் மீறிக் குழாய்கள் அடைபட்டு, ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் திறந்துவிட்டன. அதற்குள் ஓட்டோபைலட் விலகி, மூக்கு உயர்ந்துவிட்டது. 228 பேர்.

குளவிக் கதை அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் முடிகிறது, அல்லது முடியவில்லை. அங்கே சாவித் துவாரத்தில் கூடு கட்டும் ஒரு குளவி இனம் குடியேறி, நிற்கும் விமானங்களின் குழாய்களுக்குள் மண் வைத்துக்கொண்டிருந்தது. ஆய்வாளர்கள் பல விமான வகைகளின் பித்தோ குழாய்களைப் போல அச்சடித்து விமான நிலையத்தைச் சுற்றி வைத்துப் பார்த்ததில் 39 மாதத்தில் 93 குழாய்கள் முற்றாக அடைபட்டிருந்தன. இந்தக் குளவியால் அங்கே வந்திறங்கும் விமானங்களுக்கு மூடி போடும் வழக்கம் ஏற்கனவே வந்திருந்தது. 2018 ஜூலை 18 இரவு மலேசியன் எயர்லைன்ஸின் எயர்பஸ் 330 ஒன்று அந்த மூடிகள் மூன்றையும் கழற்றாமலே எழும்பிவிட்டது. குளவிக்குப் பயந்து போட்ட மூடி குளவியின் வேலையைச் செய்தது. ஆனால் இந்த விமானிகளுக்கு முள் பொய் சொல்கிறது என்று தெரிந்தது. அமுக்கக் கணினிகளை நிறுத்திவிட்டு, காற்று இறக்கையில் படும் கோணத்தைக் கொண்டு வேகத்தை ஊகிக்கும் மாற்று அளவுகோலைப் பார்த்துக்கொண்டே சுற்றித் திரும்பி இறங்கினார்கள். அத்தனை பேரும் தப்பினார்கள்.

எங்கள் பலகை இப்போது வெற்றுப் பால்மா ரின் ஒன்றைக் கவிழ்த்து மூடி வைக்கப்பட்டிருக்கிறது. ரின்னில் சிவப்புத் துணி ஒன்றைப் பிள்ளைகள் கட்டிவிட்டார்கள். அடைபட்ட பேனைக் கூட்டை மட்டும் கழற்றி யன்னலிலேயே விட்டிருக்கிறோம். அதை உடைக்க அம்மா விடவில்லை.